போட்டோவில் இருந்த துருத்தி

அத்தியாயம் ஆறு

"உட்காரச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர் செங்கல்வராயன். "உட்கார்ந்தா எழுந்திரிக்க நேரமாகும்."

கண்ணாயிரத்துக்கு அந்த ஆளை அப்போதே பிடிக்காமல் போய்விட்டது. செங்கல்பட்டு ரயிலடியிலிருந்து உச்சி வெயிலில் நடந்து வந்தவனுக்கு ஒரு நாற்காலிகூடத் தராத மனிதன், பேருக்குப் பின்னால் எத்தனை எழுத்துப் போட்டுக்கொண்டால் என்ன? அறையில் மூன்று நாற்காலிகள் சும்மா கிடந்தன. மூன்றையும் ஏக்கத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் முதலாளி ஜானகிராமனுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டான்.

ஜானகிராமன் துப்பறிய வருவதற்கு முன் சென்னையில் ஒரு பேட்டண்ட் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். அதனால் மற்ற துப்பறிவாளர்களுக்கு வருவது போல வைர நெக்லஸும் மாடியிலிருந்து விழுந்த ஜமீன்தாரும் அவருக்கு வருவதில்லை. ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும்தான் வந்தன. கண்ணாயிரத்துக்கு அதில் தீராத மனக்குறை. போன வருஷம் முழுக்க ஒரு ஊறுகாய் ஜாடி மூடியைத் துரத்திக்கொண்டு திரிந்தவன் அவன்.

இந்தத் தடவை ஒரு மூச்சு இயந்திரம். செங்கல்பட்டுக் கல்லூரியின் ஆராய்ச்சித் துறையில் உருவானது. கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போல ஒன்று. காலால் மிதித்தால் ரப்பர் முகமூடி வழியாக நோயாளிக்குள் காற்றைத் தள்ளும். மின்சாரம் தேவையில்லை. பாம்பு கடித்து மூச்சு நின்று போகிறவனை, விஷம் இறங்குகிற வரைக்கும் அது உயிரோடு பிடித்து வைத்திருக்கும். புதுச் சட்டத்தின்படி அதற்குப் பேட்டண்ட் கேட்டு, ஒரு கம்பெனியின் தயவோடு, தன் பேரில் விண்ணப்பம் போட்டிருந்தார் பேராசிரியர் செங்கல்வராயன். அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த வச்சலா, கண்டுபிடித்தவள் நான், திருடியவர் அவர் என்று எதிர்ப்பு மனு கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை சென்னையில் விசாரணை. தன் கையால் செய்த முதல் இயந்திரத்தை அவள் கொண்டுபோய் வைத்தால் கண்டுபிடித்தவள் என்று அவள் பேர் நிற்கும். வைக்காவிட்டால் இத்தனை வருஷப் படிப்புக்கும் உழைப்புக்கும் பட்டை நாமம்தான். அந்த முதல் இயந்திரம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை, தேடிக் கொடுங்கள் என்று அழுதுகொண்டே வந்து ஜானகிராமனை அமர்த்தியிருந்தாள்.

"முதல் மெஷின்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்றார் செங்கல்வராயன். "நான் சொன்னேன், அந்தப் பொண்ணு ஸ்க்ரூ முடுக்கினா. ஸ்க்ரூ முடுக்கினவங்க எல்லாம் கண்டுபிடிச்சவங்கன்னா, கோயில் கட்டினது ராஜா இல்ல, கல்தச்சன்னு ஆயிடும்."

"மகாபலிபுரத்துல அப்படித்தான் சார் கட்டுனாங்க" என்றான் கண்ணாயிரம்.

பேராசிரியர் அவனைச் செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த போட்டோவைச் சுட்டிக்காட்டினார். அதில் அவரேதான். கடற்கரை மணலில் நின்று, காதுகுத்து வீட்டில் பிள்ளையை ஏந்திய தாய்மாமனைப் போல இயந்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் மீனவர்கள் வரிசையாக நின்றார்கள். பின்னால் தூரத்தில் கடற்கரைக் கோயில் தெரிந்தது. விண்ணப்பம் போட்ட பிறகு, இந்த வருஷம் பொங்கல் கழிந்து, தானே குப்பத்துக்குக் கொண்டுபோய் விளக்கிக் காட்டியபோது எடுத்ததாம். எந்தக் குப்பம் என்று ஜானகிராமன் கேட்டார். ஞாபகமில்லை என்றார் பேராசிரியர். போட்டோவுக்குப் பிரதி கிடைக்குமா என்றார் ஜானகிராமன். கிடைக்காது, வாசல் அந்தப் பக்கம் என்றார் பேராசிரியர்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றதும் பேராசிரியருக்கு வந்ததே கோபம், பியூனைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே தாழ்வாரத்துக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது இருவரும் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார்கள். சுவரில் ஆணி மட்டும் இருந்ததை அவர் எப்போது கவனித்தாரோ தெரியாது.

கல்லூரி வாசலைத் தாண்டியதும் ஜானகிராமன் தன் உதவியாளனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சுளுக்குப் பிடித்தவனைப் போல விறைப்பாக நடந்து வந்தான்.

"சட்டைக்குள்ள என்னடா?"

"சட்டம் சார். சட்டத்த எப்பவும் மாரோட அணைச்சிக்கணும்னு நீங்கதானே சொல்லிக்கினே இருப்பீங்க."

ஜானகிராமன் திட்டவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, போட்டோவை மடியில் வைத்துக்கொண்டார். பெருமைக்காரன் தடயத்தை ஒளித்து வைக்க மாட்டான், சட்டம் போட்டு மாட்டுவான் என்று மட்டும் சொன்னார். பிறகு வழக்கம்போலப் பரீட்சை வைத்தார். கோயில் எங்கே இருக்கிறது? பேராசிரியர் தோளுக்குப் பின்னால். கடல்? படத்தில் வலது கைப்பக்கம். அப்படியென்றால் போட்டோ எடுத்தவர் வடக்கே பார்த்து நின்றிருக்கிறார். குப்பம் கோயிலுக்குத் தெற்கே. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? கரைப் பக்கம். சூரியன் கடலின் மேல் நிற்கிறது, ஆகவே காலை நேரம்.

கண்ணாயிரம் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். காலை நேரம் என்றதும் படத்தைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான்.

"சார், கோளாறு கீது. காலங்காத்தால கட்டுமரமெல்லாம் கடல்லதான இருக்கணும்? இங்க பாருங்க, அத்தனையும் கரையில கெடக்குது. கட்டைங்க தனித்தனியா, கவுறுகூடக் கட்டாம. அலையும் சாதுவாத்தான் கீது. ஒருத்தனும் போவல சார்."

"ஏன் போகல?"

"குப்பத்துல சாவு வுழுந்தா போவ மாட்டாங்க. பொணத்த எடுக்கற வரைக்கும் ஒரு வலை நனையாது. எங்க பக்கமும் அப்டித்தான்." திருவிழாவாக இருக்கலாமே என்று ஜானகிராமன் கேட்டதற்கு, வரிசையில் நின்றவர்களின் முகங்களைத் தடவிக் காட்டினான். "திருவிழாவுல இந்த மூஞ்சியா சார்? கள்ளுகூடக் குடிக்காத திருவிழாவா?"

அதற்கு மேல் ஜானகிராமன் பரீட்சை வைக்கவில்லை. சாவு விழுந்த குப்பத்தில் போய் எவனாவது இயந்திரத்தை விளக்கிக் காட்டுவானா என்ற கேள்வி இரண்டு பேர் மனத்திலும் ஒட்டிக்கொண்டது. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது கண்ணாயிரம் வடை வாங்கக்கூட இறங்கவில்லை.

கோயிலுக்குத் தெற்கே முதலில் வந்த குப்பத்தில் பேராசிரியரை யாருக்கும் தெரியவில்லை. அடுத்தது ஆலிமேடு. மணலில் கால் வைத்த மாத்திரத்திலேயே அது சரியான இடம் என்று கண்ணாயிரத்துக்குத் தெரிந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் கையில் துடுப்பு இருந்தது, அதை அவன் கீழே வைக்கவில்லை.

குப்பத்துப் பெரியதனக்காரர் தேசப்பன் முன்னால் வந்தார். காலேஜா என்று கேட்டார். இல்லை, மெட்ராஸ் என்றார் ஜானகிராமன்.

"ரெண்டும் ஒண்ணுதான். போற பஸ்ஸு கோயிலாண்ட நிக்கும். கெளம்பு."

பேச வந்திருக்கிறோம் என்றார் ஜானகிராமன். பேசினதெல்லாம் போதும் என்றார் தேசப்பன். துடுப்புக்காரன் இரண்டு அடி கிட்டே வந்தான். இங்கே நாஸ்தா கிடைக்காது, உதைதான் கிடைக்கும் என்று கண்ணாயிரம் முதலாளியின் காதில் ஓதினான். ஜானகிராமன் போட்டோவை எடுத்துத் தேசப்பன் கையில் கொடுத்தார்.

தேசப்பன் அதைப் பார்த்தார். பேராசிரியருக்கு இடது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது அவரேதான். வெகுநேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் திரும்பிப் பாராமல், சம்பூர்ணத்தை இட்டுக்கினு வா என்றார்.

வந்தவள் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண், மீன் விற்கிறவள். நெற்றியில் பொட்டு இல்லை. போட்டோவைக் கையில் வாங்கிப் பேராசிரியரின் சிரிப்பைப் பார்க்காமல் இயந்திரத்தை மட்டும் பார்த்தாள். அவள் குரலில் துக்கம் இல்லை, ஆத்திரம் இருந்தது.

"இது எந்த நாளுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"இந்தக் குப்பத்துல சாவு விழுந்த நாள்" என்றார் ஜானகிராமன்.

"இல்ல. இத்தப் புடிக்கறப்ப சாவு வுழல. எங்கூட்டுக்காரரு உசுரோட இருந்தாரு."

அவள் புருஷன் காத்தவராயன். இந்த வருஷப் பொங்கலுமில்லை, போன வருஷப் பொங்கலுமில்லை, அதற்கும் முந்தின வருஷம். வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கடல்பாம்பு கடித்துவிட்டது. வச்சலா அப்போது தன் ஆராய்ச்சிக்காகப் பாம்பு கேட்டு அடிக்கடி குப்பத்துக்கு வருகிறவள். சொல்லி அனுப்பியதும் வாடகைக் காரில் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு பறந்து வந்தாள். கண் இமையைத் தூக்க முடியாமல், மூச்சு அடங்கிக் கிடந்தவன் முகத்தில் முகமூடியை மாட்டி மிதிக்கச் சொன்னாள். குப்பத்து ஆண்கள் ஒருவர் மாற்றி ஒருவராக விடிய விடிய மிதித்தார்கள். கட்டுமரங்கள் கரையில் கிடந்ததற்குக் காரணம் அதுதான். அன்றைக்கு அவர்கள் யாருக்கும் துக்கம் காக்கவில்லை. ஒரு உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்தபோது காத்தவராயன் இமையை அசைத்தான். சம்பூர்ணம் கையைப் பிடித்தால் அவனும் ஒரு விரலால் பிடித்தான். அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் காரில் வந்து இறங்கினார்.

"கண்ண தொறந்துட்டான், இனிமே தானா மூச்சு வுடுவான்னாரு. உள்ள இருட்டாக் கீது, மெஷின வெளிச்சத்துக்குக் கொண்டாங்கன்னாரு. ரெண்டு நிமிஷம்தான்னாரு. இவங்களையெல்லாம் தல சீவிக்கினு வரச் சொன்னாரு. அப்பால கோயிலு தெரியலன்னு சொல்லிட்டு மெஷினத் தூக்கிகினு அம்மாந்தூரம் நடந்து போனாரு." சம்பூர்ணம் போட்டோவில் இயந்திரத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். "மெஷினு இதுல கீதே சார். அப்ப வூட்டுல அவருக்கு யாரு மூச்சு குடுத்தது? நான்தான் வாயால ஊதிகினு இருந்தேன். பத்தல."

கண்ணாயிரத்துக்கு, கோயிலை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பஸ்ஸில் தொடையைத் தட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. படத்தில் கோயில் விழ வேண்டும் என்பதற்காக ஒருவன் நடந்த நடையில் இன்னொருவன் செத்திருக்கிறான்.

ஜானகிராமன் மட்டும் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பேராசிரியர் படத்துக்குள்ள இருக்கார். படம் பிடிச்சது யாரும்மா?"

"அந்தப் பொண்ணுதான்" என்றாள் சம்பூர்ணம். "வச்சலாம்மா. வேணாம் சார்னு ஒரு தபா சொல்லிச்சு. அப்பால கேமராவக் கையில வாங்கிகிச்சு."

கண்ணாயிரத்துக்கு மண்டைக்குள் ஏதோ புரண்டது. இயந்திரம் எங்கே போனதென்றே தெரியாது என்று அழுத பெண். அந்த அழுகைக்கு அவன் சோடா வேறு வாங்கிக் கொடுத்திருந்தான். மிச்சத்தைத் தேசப்பன் சொன்னார். சாவு விழுந்ததும் குப்பமே திரண்டு இருவரையும் அடித்துத் துரத்தியது. இயந்திரத்தைத் திருப்பித் தரவில்லை. அந்தப் பெண் அதைக் கேட்டுப் பலமுறை வந்துவிட்டாள், ஒவ்வொரு தடவையும் மண்ணை வாரித் தூற்றி அனுப்பினார்கள். அவள் ஏன் ஜானகிராமனைத் தேடி வந்தாள் என்பது இப்போது விளங்கிற்று. தன்னால் கால் வைக்க முடியாத இடத்துக்குள் நுழைய அவளுக்கு வேறு கால்கள் வேண்டியிருந்தன. இரண்டு எதிரிகளும் ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறார்கள். "சார், இவங்க சண்டை போடுறதுலகூட ஒத்துமையா கீறாங்க" என்றான் கண்ணாயிரம். யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான்.

சம்பூர்ணம் குடிசைக்குள் போய் இயந்திரத்தை எடுத்து வந்தாள். துருத்தியின் பக்கவாட்டில் பூப்போட்ட துணியில் ஓர் ஒட்டு. போட்டோவிலும் அதே ஒட்டு தெரிந்தது. புதைத்துவிடலாம் என்று குப்பத்தில் எல்லாரும் சொன்னபோது அவள்தான் தடுத்து வைத்திருந்தாளாம். இது என்னுடையது, அன்றைக்கு எடுத்தது தப்பு என்று சொல்லிக்கொண்டு யாராவது ஒருவர் வருவார்கள், வந்தால் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாளாம். வந்தவர்கள் எல்லாம் என்னுடையது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதைத் தாருங்கள் என்று ஜானகிராமன் கேட்டிருந்தால் துடுப்பு அவர் மேல் இறங்கியிருக்கும். அவர் கேட்கவில்லை. எங்களோடு செங்கல்பட்டுக்கு வர முடியுமா என்றுதான் கேட்டார்.

"எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். நானே எடுத்துகினு வரேன்" என்றாள் அவள். மீன் கூடையைக் கவிழ்த்துத் தட்டி, இயந்திரத்தை அதற்குள் வைத்தாள்.

முதல் இயந்திரம் கிடைத்துவிட்டது என்று ஜானகிராமன் மகாபலிபுரம் தபாலாபீஸிலிருந்து பேராசிரியருக்கும் வச்சலாவுக்கும் டெலிபோன் செய்தார். இருட்டுகிற நேரத்தில் அவர்கள் கல்லூரிக்குள் நுழைந்தபோது பேராசிரியர் அறையில் வச்சலாவும் இருந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். போட்டோவைத் திருடிய நாயைப் போலீசில் கொடுப்பேன் என்று செங்கல்வராயன் தொடங்கினார். கண்ணாயிரம் போட்டோவை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தான்.

முதலில் கூடை உள்ளே வந்தது. அதிலிருந்து துருத்தியின் ஓரம் எட்டிப் பார்த்ததும் வச்சலா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கையை நீட்டிக்கொண்டு, "என்னோட..." என்றாள். அப்போதுதான் கூடையைச் சுமந்து வந்தவளைப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

சம்பூர்ணம் இயந்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அறை முழுவதும் மீன் வாடை பரவியது.

"திங்கட்கிழமை அதிகாரி ரெண்டு கேள்வி கேட்பார்" என்றார் ஜானகிராமன். "இது யாருடையது? இது முதல் முதல்ல எங்கே, யார் மேல வேலை செஞ்சது? முதல் கேள்விக்கு என்னுடையதுன்னு பதில் சொல்றவங்க, ரெண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லியாகணும். விண்ணப்பத்துக்கு முன்னாடியே ஊரறிய உபயோகிச்ச மெஷினுக்குப் பேட்டண்ட் கிடைக்கிறது கஷ்டம், இதை ஒரு ஊரே கூடி மிதிச்சிருக்கு. அது அப்புறம். அந்தக் காலையில இதை யார் வெளியே எடுத்தாங்க, யார் படம் பிடிச்சாங்கன்னு இந்தம்மா எதிர்லயே சொல்லணும்."

சம்பூர்ணம் இயந்திரத்தை மேஜையின் நடுவுக்குத் தள்ளினாள்.

"சொல்லுங்க" என்றாள் சம்பூர்ணம். "யாருது இது?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வச்சலா பூப்போட்ட ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய பழைய தாவணித் துணி என்பதைக் கண்ணாயிரம் அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்துகொண்டான். எதற்காக அழுதாளோ, எதற்காக இத்தனை பேரை அலைய வைத்தாளோ, அது எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடு, தப்பு என்றும் சேர்த்துச் சொல்லிவிடு என்று கண்ணாயிரம் மனசுக்குள் அவளைக் கெஞ்சினான்.

"இது... நான் செஞ்சது இல்ல" என்றாள் வச்சலா.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றார் செங்கல்வராயன், அவள் வாய் மூடும் முன்பே.

சம்பூர்ணம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இயந்திரத்தைத் தூக்கித் திரும்பவும் கூடைக்குள் வைத்து, சும்மாட்டைச் சரி செய்து தலையில் ஏற்றிக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்று, ஜானகிராமன் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கெழம அந்த ஆபீஸ் எத்தினி மணிக்குத் தொறப்பாங்க சார்? ஆபீஸரு எதிர்ல இன்னொரு தபா கேக்கணும்."